கடைசிப் பந்தி

காலை பத்தே கால். முன்னால் முப்பத்தொரு பேர். சென்னியப்பன் இன்னொரு தரம் எண்ணினார், முப்பத்திரண்டு வந்தது, யாரோ இடுப்பில் வைத்திருந்த குழந்தையையும் சேர்த்துவிட்டிருக்கிறார், குழந்தை பேரில் டெபாசிட் போடுகிற ஊர்தான் இது, ஆனால் குழந்தை கவுண்டரில் தனியாக நேரம் எடுத்துக்கொள்ளாது, ஆகவே முப்பத்தொன்று. ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் பிழைத்தோம், ஆறு என்றால் செத்தோம். ஒரு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். இன்று வெள்ளி, சனி ஞாயிறு பண்டு கிடையாது, திங்கட்கிழமை உண்டா என்று கேட்டால் வாட்ச்மேன் வானத்தைப் பார்க்கிறான். பண்டு என்றால் ஸ்ரீ மங்களவல்லி சகாய நிதி, ஈரோட்டில் யாரும் முழுப் பெயரைச் சொன்னதில்லை, மங்களா பண்டு என்றால் ஆட்டோக்காரன் கொண்டுவந்து இறக்கிவிடுவான். மாடியில் அலுவலகம், கீழே கவுண்டர், வாசலில் மடக்குகிற இரும்புக் கேட், அதை ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்ச் சேர்ந்தவனுக்கு அசலும் வட்டியும் முழுசாகக் கிடைக்கிறது. வெளியே வருகிறவர்கள் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள், அதைப் பார்த்து வரிசையில் நிற்கிறவர்கள், பணம் இருக்குதப்பா, எவனோ வேலையத்தவன் கெளப்பி உட்டுட்டான், என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள், அப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் முழுசாகக் கொடுக்கிறார்கள். பணத்தைக் குறைக்கவில்லை, கேட்டைக் குறைத்துவிட்டார்கள். நல்ல வேலை. முப்பத்து நான்கு வருடம் நூற்பாலை கேட்டில் டைம் கீப்பராக இருந்த சென்னியப்பனுக்கு அந்த வேலையின் நேர்த்தி புரிந்தது, வேறு இடமாக இருந்தால் பாராட்டியிருப்பார். பனியனுக்கு உள்ளே பிளாஸ்டிக் உறையில் ரசீது, வயிற்று வேர்வையில் தோலோடு ஒட்டிக்கொண்டு, மூச்சு விடும்போதெல்லாம் ஒரு ஓரம் குத்துகிறது. மூன்று லட்சத்து நாற்பதாயிரம். மில்லில் கணக்கு முடித்துக் கொடுத்த அத்தனையும். மாதம் மூவாயிரத்து நானூறு வட்டி, அதில் வீட்டு வாடகை, அதில் அரிசி, அதில் மனைவி பாவாயிக்குச் சர்க்கரை ஊசி, வேறு திசையிலிருந்து ஒரு பைசா வராது. குத்தட்டும். குத்துகிற வரைக்கும் இருக்கிறது என்று அர்த்தம்.

குழந்தைவேலு சொன்னான். சொன்னானே. பண்டில் அக்கவுண்டண்டாக இருக்கிறவன், பாவாயிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன், மாமா மாமா என்று காலைச் சுற்றுகிறவன், கார்த்திகை முதல் முகூர்த்தத்தில் பெருந்துறை ரோட்டு மண்டபத்தில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். ஈரக் கை. எங்கே கூட்டிப் போகிறான் என்று பார்த்தால் கைகழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில், எச்சில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் நிறுத்தி, "மாமா, கடைசிப் பந்திக்கு நிக்காதீங்க" என்றான். "இப்பவே உக்காந்துருங்க." என்ன பேச்சு இது. கல்யாணம் பாவாயி வகையில், பெண் வீட்டுச் சொந்தம், வந்த சனத்தை உட்காரவைத்து, இலை பார்த்து, பொரியல் வந்ததா, இனிப்புக்கு ஒப்பிட்டு வந்ததா என்று கேட்டுவிட்டு, கடைசியில் உட்காருவதுதான் முறை, முதல் பந்தியில் போய் உட்கார்ந்தால் நாளைக்கு யார் மதிப்பார்கள். "நானென்ன சோத்துக்கு ஆலாப் பறக்கறவனாடா?" என்றார். குழந்தைவேலு சிரித்தான். சிரித்த மாதிரி இருந்தது. "இல்லீங் மாமா, கடைசீல உக்கார்றவிங்களுக்கு எலைதான் மிஞ்சும்ங்" என்றான், மணிக்கட்டை ஒருமுறை அழுத்தினான், பின்னால் யாரோ கைகழுவ வந்ததும் போய்விட்டான். அவர் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். எல்லாம் இருந்தது. ஒப்பிட்டு இரண்டு வைத்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது பாவாயியிடம், உங்கண்ணன் மகனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குது, சோறு தீர்ந்துபோகும்னு பயமுறுத்தறான், என்று சொல்லிச் சிரித்தார். அவளும் அன்று சிரித்தாள். இந்தச் செவ்வாய்க்கிழமை பால் பூத்தில் பண்டு கவிழப்போகிறது என்று சேதி கேட்டு அவர் ஓடிவந்து சொன்னபோது, பாவாயி அடுப்பைக் குறைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே, "அவன் பண்டுல கணக்கு எழுதறவனுங். சமையக்காரனில்லீங்" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் ஒன்று சொன்னாள், "சோத்துக்குக் கூப்புடறவன் பந்திக்குக் கூட்டிட்டுப் போவானுங், கைகழுவற எடத்துக்கா கூட்டிட்டுப் போவான்?" செவ்வாயிலிருந்து இந்த வெள்ளி வரைக்கும் இந்த இரண்டு வாக்கியமும் மாறி மாறி வருகின்றன, ஒன்று முடிகிற இடத்தில் மற்றது. நாயே, பணத்தை எடு மாமா என்று சொல்ல உன் வாயில் என்ன கொழுக்கட்டையா. மூன்று வார்த்தை. அதைச் சொல்லாமல் இலை, பந்தி, மிச்சம். வேலை போய்விடும் என்று பயம். வேறு யாருக்காவது நேராகச் சொல்லியிருப்பான், அவன் மாமனாருக்குச் சொல்லியிருப்பான், அந்த ஆள் கார்த்திகையிலேயே பண்டில் கிடந்ததை எடுத்துப் பாதிப் பணத்தில் டிராக்டர் வாங்கிவிட்டார், அப்போது அது ஏன் உறைக்கவில்லை. இன்று காலையில் மாடி ஜன்னலில் குழந்தைவேலுவின் தலை ஒரு தடவை தெரிந்தது. இவரைப் பார்த்தது. உள்ளே போய்விட்டது.

இருபத்தாறு பேர். வெயில் வரிசைக்குக் குறுக்கே வந்துவிட்டது. முன்னால் நின்றவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள், ஒருமுறை பார்த்தாள், மறுபடி திரும்பி நன்றாகப் பார்த்தாள். "ஏனுங், நீங்க மில்லு டைம் கீப்பர் தானுங்?" ஆமாம் என்று தலை ஆடுவதற்குள் அவருக்கு எண் வந்துவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு. ரீலிங் செக்‌ஷன். இடது காலை லேசாக இழுத்து நடப்பாள், ஓடும்போது இழுப்பு தெரியாது. "நானூத்திப் பன்னண்டு" என்றார். "செல்லாத்தாளுங். எனக்கும் பேருன்னு ஒண்ணு வெச்சுத்தான் இருக்காங்க" என்றாள். இவருக்குப் பின்னால் நின்ற டெய்லர் ரங்கசாமி, காலையிலிருந்து யாருடனாவது பேச வாய் ஊறிக்கொண்டிருந்த ஆள், ஹோவென்று சிரித்தான். "இந்த மனுசன் இருக்காருங்களே" என்று அவள் டெய்லரிடம் முறையிட்டாள், "சங்கு ஊதி ரெண்டு நிமிசம் ஆச்சுன்னா கேட்டப் போட்டுருவாரு. தூக்குப் போசியத் தூக்கீட்டு ஓடியாருவம், மூஞ்சிக்கு நேரா சாத்துவாரு. அரை நாளுச் சம்பளம் போச்சு. கெஞ்சுனா கடியாரத்தக் காட்டுவாரு." "சட்டம்னு ஒண்ணு இருந்துது, செல்லாத்தா" என்றார் சென்னியப்பன். "இருந்துதுங், இருந்துதுங். இன்னைக்கு நான் ஆறு மணிக்கு வந்து நின்னனுங். நீங்க வந்தப்ப ஆறு ரெண்டு. நான் பாத்துட்டுத்தான் இருந்தன். அரை நாளு வெட்டீருவாங்களா?" டெய்லர் தொடையைத் தட்டினான். நாலைந்து பேர் திரும்பினார்கள். சென்னியப்பனும் சிரித்து வைத்தார், சிரிப்புக்கு உள்ளே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, இவள் முடிய ஐந்து நிமிடம், படிப்பு கிடையாது, பெருவிரல் ரேகை, மை தேடுவார்கள், ஏழு நிமிடம். அறுபதாயிரமாம். கேட்காமலே சொன்னாள். மில்லில் கிடைத்ததும், விற்ற எருமையும், அப்புறம் பத்து வருட இட்லிக் கடையும் சேர்ந்து அறுபது. ஒன்றரை சென்ட் இடம் பேசி அட்வான்ஸ் கொடுத்திருக்கிறாள், தை பிறந்து பத்து நாளைக்குள் மீதியைக் கொடுக்காவிட்டால் அட்வான்ஸும் போய்விடும். "கார்த்திகையிலயே எடுத்திருப்பனுங். மார்கழில எடம் எழுதக்கூடாது, தை பொறக்கட்டும்னுட்டாரு எடத்துக்காரரு. சரி, அதுவரைக்கும் பண்டுல கெடந்தா வட்டியாச்சும் ஊறும்னு உட்டுட்டன்." மார்கழி. அவருக்குப் பந்தி, அவளுக்கு மார்கழி. சென்னியப்பனுக்கு அதில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. நாம் மட்டும் முட்டாள் இல்லை. ஆறுதல் கிடைத்த கையோடு எரிச்சலும் வந்தது, அறுபதாயிரம் மடியில் முடிந்துகொண்டு போகிற சின்னப் பணம், அதற்காக ஏழு நிமிடம், மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் அதே ஏழு நிமிடம், இது என்ன நியாயம், தொகைக்குத் தகுந்தபடி அல்லவா வரிசை இருக்க வேண்டும்.

கேட்டில் நிற்கிறவன் முகத்தைப் பார்க்கக் கூடாது. அதுதான் தொழில். கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், அல்லது தாழ்ப்பாளை. முகத்தைப் பார்த்தால் கேட் மூடாது. முதல் வருடம் பார்த்தார், நாலு பேரை விட்டார், மானேஜர் கூப்பிட்டு இது சத்திரமா என்று கேட்டார், அப்புறம் பார்க்கவில்லை. இந்த வாட்ச்மேன் பார்க்கிறான். பார்த்து, பாவப்பட்டு, தடி ஊன்றிய ஒரு கிழவரைப் பக்கவாட்டில் விட்டுவிட்டான், வரிசை முழுக்க உச்சுக்கொட்டியது, பாவம் வயசானவரு போகட்டும் என்றது, சென்னியப்பனும் போகட்டும் என்றார், வாய் சொன்னது, வயிற்றில் ரசீது குத்தியது. இந்த வயதில் இந்தக் கிழவனுக்கு எதற்குப் பணம். நாலு பேர் தூக்கிக்கொண்டு போக எவ்வளவு ஆகும். கிழவர் கவுண்டரில் பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டார், கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருக்கிறார். சாகட்டும். இல்லை, உள்ளே சாகக் கூடாது, உள்ளே செத்தால் கேட்டை மூடிவிடுவார்கள், வீட்டுக்குப் போய்ச் சாகட்டும். இருபது பேர். பத்தொன்பது. அந்தக் குழந்தைக்காரி போய்விட்டாள், அவளை முன்னால் விடச்சொல்லி யாரும் கேட்கவில்லை, நல்லவேளை. பணம் இல்லாவிட்டால் திருப்பூர். மகன் தங்கராசு வீடு, கீழே பனியன் கம்பெனி, மேலே இரண்டு அறை, மருமகள் பேசமாட்டாள், நல்ல பெண், ஒரு வார்த்தை பேசமாட்டாள், டம்ளரை மட்டும் தனியாக வைப்பாள். போன தீபாவளிக்கு மூன்று நாள் தங்கியபோது கவனித்தார், இரண்டு எவர்சில்வர் டம்ளர், விளிம்பில் ஆணியால் கீறி அடையாளம், ஒன்றில் ஒரு கோடு, ஒன்றில் இரண்டு. பாவாயிக்கு எச்சில் பட்டால் ஒட்டிக்கொள்கிற வியாதி ஒன்றும் இல்லை, சர்க்கரைதான். ஊருக்குக் கிளம்பும்போது தங்கராசு பஸ் வரைக்கும் வந்து, "இங்கயே வந்துருங்கப்பா, பண்டுல கெடக்கற பணத்த எடுத்து ரெண்டு தையல் மிசினு போட்டரலாம்" என்றான். முடியாது என்றார். முதிர்வு ஆகாமல் எடுத்தால் ஒரு பர்சண்ட் பிடித்துக்கொள்வான் என்றார். ஒரு பர்சண்ட். இப்போது பணம் இல்லாமல் அங்கே போய் நின்றால் அந்த டம்ளரில் என்ன அடையாளம் போடுவாள். பாவாயி செத்துப்போனால் ஊசிச் செலவு மிச்சம், மூவாயிரத்து நானூறில் எண்ணூறு, இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது, வெயில், தண்ணீர் குடிக்கவில்லை, தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு வரும், ஒன்றுக்குப் போனால் இடம் போகும். பின்னால் டெய்லர் ரங்கசாமி சுவரில் இருந்த பண்டு விளம்பரத்தைக் காட்டினான், மங்களவல்லி அம்மன் வலக்கை உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிற படம். "ஏனுங்ணா, அது என்னன்னு நெனைச்சீங்? பயப்படாதேன்னு சொல்றதா இத்தன நாளா நெனைச்சுட்டிருந்தம். இல்லீங்களாம். அங்கயே நில்லுங்கறாளாம்." அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒவ்வொருவராகக் கேட்டைப் பார்த்தார்கள்.

பன்னிரண்டு முப்பத்தைந்து. ஏழு பேர். செல்லாத்தாள் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டிருந்தாள், சிறிது நேரமாகவே. ஆறு மணியிலிருந்து நிற்கிறாள், ஆண்கள் பக்கத்துச் சந்துச் சுவரோரம் போய்விட்டு வந்துவிட்டார்கள், பெண்கள் போக இடம் இல்லை. கடைசியில் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ஏனுங், எடத்தச் சித்த பாத்துக்குங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ட்டு ஓடியாந்தர்றன். இதுக்கு மேல முடியாதுங், எனக்கும் சக்கரை" என்றாள். கையில் இருந்த ஒயர் கூடையைத் தான் நின்ற இடத்தில் வைத்தாள். உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில், சோற்றுப் பொட்டலம், மடித்த துண்டு. ரேஷன் கடையில் இப்படித்தான், சீமெண்ணெய்க்கு இப்படித்தான், பையோ கல்லோ வைத்துவிட்டுப் போனால் அது ஆள், யாரும் தாண்டமாட்டார்கள், தாண்டினால் தெருவே சண்டைக்கு வரும். காலை இழுத்துக்கொண்டு போனாள். ஓடவில்லை, ஓடியிருந்தால் இழுப்பு தெரிந்திருக்காது. ஆறு பேர். சென்னியப்பன் கூடையைக் காலால் ஒரு அடி முன்னால் தள்ளினார். அது சரியாக முன்னால் இருந்தவன் குதிகாலுக்குப் பின்னால் போய் நின்றது. ஐந்து. தள்ளினார். ரொம்ப இலேசான கூடை. நாலு. தள்ளினார். பன்னிரண்டு நாற்பத்தாறு, நாலு பேர், செல்லாத்தாளோடு ஐந்து, பதினான்கு நிமிடம். ஐந்தால் வகுத்தால், வகுக்கவே வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஏழு நிமிடம், இழுத்து நடந்தால் பத்து, வர பத்து, அங்கே இரண்டு ரூபாய்க்குச் சில்லறை தேடுவார்கள். அவள் வந்துவிடுவாள். வராமலும் போகலாம். வராவிட்டால் கூடைக்குப் பணம் கொடுப்பார்களா, மாட்டார்கள், அப்போது கூடையைத் தள்ளிக்கொண்டு போவதில் என்ன பிரயோசனம், கேட்டுக்கு முன்னால் கூடையை வைத்துக்கொண்டு மூடுகிற வரை காத்திருப்பதா, அது அவளுக்கும் உதவாது எனக்கும் உதவாது. எனக்கும் என்ற சொல்லில் அவர் மனம் கொஞ்ச நேரம் நின்றது. பாத்துக்குங்க என்றாள். பார்த்துக்கொள்வது என்றால் பார்ப்பது. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தள்ளச் சொல்லவில்லை. அவள் ஒருத்தி கழிந்தால், கேட்டுக்குள் ஒருத்தர் கூடுதலாகப் போவார், அந்த ஒருத்தர், முப்பத்து நாலு வருடம் ஒரு நாள் பிந்தாதவன். எனக்கு லேட் மார்க் கிடையாது. மூன்று பேர். வரிசை நகர்ந்தது. சென்னியப்பனின் கால் நகரவில்லை, அப்புறம் நகர்ந்தது, கூடையைச் சுற்றி, வலது பக்கமாக, எதையும் மிதிக்காமல். கூடை பின்னால் போயிற்று. கூடை போகவில்லை, அது நின்ற இடத்திலேயே நின்றது, இவர்தான் போனார், ஆனால் பின்னால் போனது போலத்தான் இருந்தது. "ஏனுங்ணா" என்றான் டெய்லர் ரங்கசாமி. "பை நிக்குதுங்." சென்னியப்பன் திரும்பவில்லை. கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்தார், எண்ணெய் போட்டு நாளாகிவிட்டது, மூடினால் கிறீச்சிடும். "யாருதோ" என்றார். டெய்லரும் ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும், அவனுக்கு எண்பதாயிரம், மகள் கல்யாணம். பிறகு ஒயர் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. டெய்லர் கூடையைக் காலால் ஒதுக்கிச் சுவரோரம் விட்டான், மெதுவாகத்தான், தண்ணீர் பாட்டில் சாயாமல்.

இரண்டு பேர். ஒருவர். அவரும் உள்ளே போய், ஒரு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது, உள்ளேயிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து வாட்ச்மேன் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். வாட்ச்மேன் கையை உயர்த்தினான். "இன்னும் ஒருத்தர்தானுங். மத்தவிங்க திங்கக்கெழம வாங்க." வரிசை ஒரே குரலாகச் சத்தம் போட்டது, நெருக்கியது, டெய்லரின் நெஞ்சு இவர் முதுகில் வந்து முட்டியது. அப்போதுதான் அவள் குரல் கேட்டது. தெரு முனையிலிருந்தே. வந்துட்டனுங், வந்துட்டனுங். ஓடிவந்தாள். சென்னியப்பன் ஒருக்களித்து ஒரு தோளை உள்ளே விட்டார், பிறகு வயிற்றை, ரசீது ஒரு கணம் கம்பியில் மாட்டியது போலிருந்தது, மாட்டவில்லை. உள்ளே குளிர்ச்சி. காற்றாடி ஓடுகிறது. வெளியே அவள் முதலில் வரிசையில் தன் கூடையைத் தேடினாள், அப்புறம் சுவரோரம் பார்த்தாள், அப்புறம் கேட்டைப் பிடித்தாள். "எனக்கு முன்னால எப்புடீங் இவர உட்டீங்க? நான்தானுங் முன்னால. கூடைய வெச்சுட்டுப் போனனுங். அவரையே கேளுங்க, அவருக்குத் தெரியும்." வாட்ச்மேனுக்கு இந்தத் தொழில் தெரியவில்லை, முகத்தைப் பார்த்துவிட்டான். கேட்டை மூடாமல் உள்ளே தலையை விட்டு, "பெரியவரே, இந்தம்மா உங்களுக்கு முன்னாலயா நின்னுது?" என்று கேட்டான். கவுண்டர் ஏழெட்டு அடியில் இருந்தது. காலியாக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பையன் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு இவரையே பார்த்தான், வாங்க என்று விரலால் கூப்பிட்டான். ஆமாம் என்றால் வெளியே போக வேண்டும். ஆமாம் என்றால் திங்கட்கிழமை. திங்கட்கிழமை இல்லை என்பது வானத்தைப் பார்த்த அந்தக் கண்ணுக்குத் தெரியும், மாடியில் உள்ள தலைக்குத் தெரியும், ஆமாம் என்றால் இரண்டு கோடு போட்ட டம்ளர். அவளுக்கு என்ன, இட்லிக் கடை இருக்கிறது, கை கால் இருக்கிறது, இத்தனை நாள் ஒன்றரை சென்ட் இல்லாமல்தானே இருந்தாள். இல்லாதவளுக்கு இல்லாமல் இருப்பது பழக்கம். எனக்குப் பழக்கம் இல்லை. "சொல்லுங்க டைம் கீப்பரே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நம்பிச் சொன்னாள். சட்டம் தெரிந்த ஆள், சொல்லிவிடுவார் என்று. "எனக்கு முன்னால யாரும் நிக்கலீங்" என்றார் சென்னியப்பன். வாட்ச்மேன் டெய்லரைப் பார்த்தான். டெய்லர் ரங்கசாமி தன் விரலில் ஊசி குத்திக் காய்த்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே, "நான் இப்பத்தானுங் இந்தப் பக்கம் வந்தன்" என்றான். கேட் கிறீச்சிட்டது.

"நூறா, ஐநூறாங்?" என்று பையன் கேட்டான். ஐநூறு என்றார். பனியனுக்குள் கைவிட்டு ரசீதை எடுத்தபோது அது தோலோடு வந்தது போல எரிந்தது. பின்பக்கம் கையெழுத்து, இன்னொரு கையெழுத்து, ரெவின்யூ ஸ்டாம்பு, அதை நாக்கில் நனைத்து ஒட்டினார், நாக்கில் ஈரம் இல்லை, இரண்டாம் முறைதான் ஒட்டியது. பையன் ஆறு கட்டும், பிறகு கட்டை உடைத்து எண்பது தாளும் வைத்தான். எண்ணிப் பாருங்க என்றான். எண்ணினார். முதல் கட்டில் நாற்பத்தேழு வரும்போது வெளியிலிருந்து டைம் கீப்பரே என்ற குரல் வந்தது, விட்டுப்போயிற்று, திரும்ப ஒன்றிலிருந்து. முப்பத்தொன்பதில் மறுபடி. கம்பியைக் கையால் தட்டுகிற சத்தம், பலமாக இல்லை, கதவு திறக்கச் சொல்லி அடுத்த வீட்டில் தட்டுவது போல. எண்ணாமல் எடுத்துக்கொண்டு போகலாம், கட்டு கட்டாகத்தானே இருக்கிறது, ஆனால் எண்ணாமல் பணம் வாங்கி அவருக்குப் பழக்கம் இல்லை, குறைந்தால் அப்புறம் யாரிடம் கேட்பது. பின்பக்கம் வழி இருக்குதா தம்பி என்று கேட்டார். இருக்குதுங், சைக்கிள் ஸ்டாண்டு வழியா, என்றான் பையன். அது போதும் என்று தோன்றியதும் விரல்களுக்கு நிதானம் வந்தது. அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. பாவாயியிடம் என்ன சொல்வது, கிடைத்துவிட்டது என்று சொல்வது, வேறென்ன, யார் முன்னால் நின்றார்கள் என்றா அவள் கேட்கப்போகிறாள். கேட்பாள். கேட்கக்கூடியவள்தான். கூட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது. ஆறாவது கட்டில் ஒரு தாள் கிழிந்திருந்தது, மாற்றிக் கேட்டார், மாற்றிக் கொடுத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை, 1998 டிசம்பர் 18. ஸ்ரீ மங்களவல்லி சகாய நிதியின் கேட் அதன் பிறகு டெபாசிட்தாரர்களுக்குத் திறக்கப்படவில்லை. நீதிமன்றம் நியமித்த கலைப்பு அதிகாரி 2009 பிப்ரவரி 11 அன்று, ரூபாய்க்குப் பதினேழு பைசா வீதம், முதலும் கடைசியுமான தவணையை வழங்கினார். அன்று செல்லாத்தாள் பத்தாயிரத்து இருநூறு ரூபாய் பெற்றுக்கொண்டு பெருவிரல் ரேகை வைத்தாள்.